அஷ்டமியில் மாஃபியா, பௌர்ணமியில் பாஜே: தான்சானியக் கடற்கரைப் பயணக் குறிப்புகள்

புறப்படும் முன்

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குப் போவது என்று முடிவானதும் நானும் அக்காவும் விடுதிகளைத் தேடவில்லை; முதலில் காற்றைப் பார்த்தோம். அந்தக் கரையில் ஆண்டை இரண்டு காற்றுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஏறக்குறைய டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசுவது காஸ்காசி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து வீசுவது குசி. காஸ்காசி நமக்கு அந்நியமானதன்று. தமிழகத்துக்கு மழை கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்றும் அதுவும் ஒரே பெருங்காற்றோட்டத்தைச் சேர்ந்தவை. குஜராத்திலிருந்தும் ஓமானிலிருந்தும் புறப்பட்ட பாய்மரக் கப்பல்கள் பல நூற்றாண்டுகள் அதைப் பிடித்தே தெற்கே சென்று, குசி எழுந்ததும் ஊர் திரும்பின. ஒன்று ஓய்ந்து மற்றது வலுக்காத இடைவெளியில் கடல் சிறு படகுகளுக்கு இணக்கமாக இருக்கும். அத்தகைய இடைவெளி ஒன்று நவம்பரை ஒட்டி வருகிறது. சிறுமழைக் காலமும் அப்போதே தொடங்குவதால் சில பிற்பகல்கள் நனையும் என்பதை ஏற்றுக்கொண்டே அந்த மாதத்தைத் தேர்ந்தோம்.

அடுத்த கேள்வி, எந்த உயிரினத்துக்காகப் போகிறோம் என்பது. எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் காட்டுவதாகச் சொல்லும் திட்டங்களை நம்பாதீர்கள். தான்சானியக் கடலில் கூன்முதுகுத் திமிங்கலங்கள் ஜூலை முதல் அக்டோபர் வரை கடந்து செல்கின்றன. மாஃபியாத் தீவுக் கூட்டத்தில் பச்சைக் கடலாமைக் குஞ்சுகள் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பொரிக்கின்றன. திமிங்கலச் சுறாக்கள் கரையோரம் கூடுவதோ அக்டோபர் தொடங்கிப் பிப்ரவரி வரை. ஆகவே ஆமைக் குஞ்சையும் சுறாவையும் ஒரே வாரத்தில் பார்க்க முடியாது. ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பெற வேண்டும். நாங்கள் சுறாவைத் தேர்ந்து ஆமைகளையும் திமிங்கலங்களையும் விட்டோம்.

வேறு இடங்களையும் எண்ணிப் பார்க்காமல் இல்லை. மொசாம்பிக்கின் டோஃபோ ஒருகாலத்தில் திமிங்கலச் சுறாவுக்கும் மாண்டா திருக்கைக்கும் பெயர்பெற்ற இடம். அங்கே இரண்டும் கண்ணில் படுவது வெகுவாகக் குறைந்துவிட்டதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு வடக்கே, 1971 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் பஸாருட்டோத் தீவுகள், மேற்கு இந்தியப் பெருங்கடலில் கடற்பசுக்கள் நிலைத்து வாழத்தக்க எண்ணிக்கையில் எஞ்சியிருக்கும் இடம். மடகாஸ்கரின் நோசி பே அருகேயும் ஆண்டின் கடைசி மாதங்களில் திமிங்கலச் சுறாக்கள் வருகின்றன. ஆனால் மொசாம்பிக்கும் மடகாஸ்கரும் நவம்பரிலிருந்து புயல் காலத்துக்குள் நுழைகின்றன. தான்சானியா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே புயல் அரிது. 2024 மே மாதத்தில் ஹிதாயா புயல் மாஃபியாவைத் தொட்டது விதிவிலக்கு.

மூன்றாவதாகப் பார்த்தது நிலவை. இந்தக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏறக்குறைய 4 மீட்டர் மாறுகிறது. அஷ்டமியை ஒட்டி அந்த வேறுபாடு ஒரு மீட்டரை நெருங்கும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நீரோட்டம் பலவீனமாக இருக்கும் அஷ்டமி நாட்களைப் பவளப்பாறைக்கும், கடல் வெகுதூரம் உள்வாங்கும் பௌர்ணமி நாட்களைச் சான்சிபார் தீவின் கிழக்குக் கரைக்கும் ஒதுக்கினோம். இதற்குத் தனிச் செயலி ஏதும் தேவைப்படவில்லை. வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரே போதுமானதாக இருந்தது.

கடைசியில்தான் காகித வேலைகள். தான்சானியாவுக்கான விசாவை இணையத்திலேயே பெறலாம். சான்சிபார் 2024 அக்டோபர் முதல் அயல்நாட்டுப் பயணிகளுக்குத் தனிக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. பெரியவர் ஒருவருக்கு 44 டாலர். கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வருபவர்களிடம் தான்சானியா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கும். ஊசி போட்டுக்கொண்டு 10 நாட்கள் கழிந்த பிறகே அந்தச் சான்று செல்லுபடியாகும் என்பதால், கிண்டி கிங் நிலையத்துக்குப் போவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைக்காதீர்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

முதல் நாள்: தார் எஸ் ஸலாம்

இங்கே ஓர் இரவு மட்டுமே தங்கல். மாலையில் துறைமுக வாயிலை ஒட்டிய கிவுகோனி மீன் சந்தைக்குப் போனோம். சூரையும் பாரையும் சங்கராவும் தரையில் பரப்பி ஏலம் விடும் வேகமும் இரைச்சலும் காசிமேட்டை அறிந்தவர்களுக்குப் புதிதாக இராது. மாஃபியாவில் பணம் எடுக்கும் வசதி குறைவு என்பதால் தேவையான ஷில்லிங்கை இங்கேயே எடுத்துக்கொண்டோம். தான்சானியாவில் 2019 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், அக்கா ஊரிலிருந்து துணிகளைச் சுற்றிக் கொண்டுவந்த பைகளை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

இரண்டாம் நாள்: வானிலிருந்து ருஃபிஜி

மாஃபியாவுக்குச் செல்லும் விமானம் பத்துப் பன்னிரண்டு பேர் அமரும் சிறு விமானம். பெட்டி 15 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது; அதுவும் கடினமான உறையுள்ள பெட்டியாக இல்லாமல், மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும் என்பது விதி. வலப்பக்க இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். அரைமணி நேரப் பயணத்தின் பிற்பகுதியில் அந்தப் பக்கம் ருஃபிஜி ஆற்றின் கழிமுகம் தெரிகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய அலையாத்திக் காடு அங்கேதான் இருக்கிறது. பச்சைக் காட்டினூடே பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் ஆறு, கரையிலிருந்து வெகுதூரம் வரை நீரைப் பழுப்பாக்கியிருந்தது.

இந்தப் பழுப்பு நீர்தான் எங்கள் பயணத்துக்கே ஆதாரம். ஆறு கொண்டுவரும் சத்துகள் மாஃபியாக் கால்வாயில் மிதவை உயிரிகளைச் செழிக்க வைக்கின்றன. அவற்றைத் தேடிச் சிறு மீன்களும், எல்லாவற்றையும் வடித்துத் தின்னத் திமிங்கலச் சுறாக்களும் வருகின்றன. இதே ஆற்றின் மேற்பகுதியில் 2,115 மெகாவாட் திறனுள்ள ஜூலியஸ் நியரேரே அணை 2024-இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. அணைக்குப் பின்னால் வண்டல் தங்கிவிட்டால் கழிமுகத்தின் கதி என்னாகும் என்ற கவலையைச் சூழலியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒரு நாட்டின் மின்தேவையைச் சுற்றுலாப் பயணி எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. ஆனால் இனி இந்தக் கடலைப் பார்க்க வருபவர்கள் அந்த அணையையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கும்.

வரலாறு விரும்புபவர்களுக்கு இன்னொரு செய்தி. முதல் உலகப் போரில் கோனிக்ஸ்பர்க் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் இந்தக் கழிமுகத்துக்குள்தான் மாதக்கணக்கில் ஒளிந்திருந்தது. பிரிட்டிஷார் 1915 தொடக்கத்தில் மாஃபியாவைக் கைப்பற்றி, அங்கிருந்து விமானங்களை அனுப்பிப் பீரங்கிகளுக்கு இலக்கைக் காட்ட வைத்து, அந்த ஆண்டு ஜூலையில் கப்பலை அழித்தார்கள். 1914-இல் சென்னையைத் தாக்கிய ஜெர்மானியக் கப்பலான எம்டனைப் போல, இந்தக் கப்பலின் கதையும் இங்கே இன்னும் சொல்லப்படுகிறது.

கிலிண்டோனியில் இறங்கி, தீவின் குறுக்கே தென்னந்தோப்புகளினூடாகச் செல்லும் சாலையில் கிழக்குக் கரையிலுள்ள உட்டெண்டேயை அடைந்தோம். ஊருக்குள் நுழையும் முன் கடல்சார் பூங்காவின் வாயில். தான்சானியாவின் முதல் கடல்சார் பூங்காவான இது 1995-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 822 சதுர கிலோமீட்டர். அயல்நாட்டவர் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். விடுதி வாடகையோடு இதையும் கூட்டிப் பார்த்தே செலவைத் திட்டமிடுங்கள். இந்தப் பூங்கா ஆளில்லாத காடு அன்று. இதன் எல்லைக்குள் பல ஊர்கள் இருக்கின்றன. சில பகுதிகளில் மீன்பிடி முற்றிலும் தடை. சில பகுதிகளில் கட்டுப்பாட்டோடு அனுமதி. எஞ்சிய இடங்களில் ஊரார் வழக்கம்போல் தொழில் செய்கிறார்கள்.

மூன்றாம் நாள்: திமிங்கலச் சுறா

விடியும் முன்பே கிலிண்டோனிக்குத் திரும்பினோம். பவளப்பாறைகள் தீவின் கிழக்கே, சுறாக்கள் மேற்கே. தங்குமிடம் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்யும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சுறாவை மட்டும் பார்க்க வருபவர்கள் கிலிண்டோனியிலேயே தங்குவது மலிவு. பூங்காக் கட்டணமும் மிச்சம்.

கரையில் இரவு மீன்பிடித்துத் திரும்பிய படகுகள் நெத்திலியும் சாளையும் இறக்கிக்கொண்டிருந்தன. இரவில் விளக்கு வெளிச்சத்தில் மீனைக் கூட்டிச் சுற்றுவலை வளைப்பது இங்கே வழக்கம். சிறு மீன் கூடும் இடத்தில் சுறாவும் இருக்கும் என்பதால் சில நேரம் அதுவும் வலைக்குள் வந்துவிடுகிறது. வலையைத் தாழ்த்தி அதை வெளியே விட்டுவிடுவார்கள் என்று எங்கள் வழிகாட்டி சொன்னார். உட்டெண்டேயில் பிறந்த அந்த இளைஞர் அக்காவை முதலில் பார்த்ததும் பெரியவர்களுக்குச் சொல்லும் ‘ஷிகமோ’ என்ற வணக்கத்தைச் சொன்னார். பதிலுக்கு ‘மரஹபா’ சொல்ல வேண்டும் என்று அக்கா முந்தைய நாளே கற்று வைத்திருந்தாள். அன்று முழுவதும் அவளை அவர் ‘மாமா’ என்றே அழைத்தார். அம்மா என்பதற்கு அவர்கள் வழங்கும் மரியாதைச் சொல் அது.

படகு புறப்படும் முன் விதிகளைச் சொன்னார். சுறாவைத் தொடக்கூடாது. உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளியே நீந்த வேண்டும். அதன் வழியை மறிக்கக்கூடாது. கேமரா பிளாஷ் கூடாது. ஒரு சுறாவை ஒரே நேரத்தில் பல படகுகள் சூழக்கூடாது. விதிகளைக் கேட்டதும் உடன் வந்த ஓர் ஐரோப்பியர் மட்டும் சற்று முகம் சுளித்தார்.

கரை இன்னும் கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே, கடற்பறவைகள் தாழப் பறந்த இடத்தில் வழிகாட்டி கையை உயர்த்தினார். நீர்ப்பரப்பில் ஒரு முதுகுத் துடுப்பு. அதற்கு வெகு பின்னால் வாலின் நுனி. இரண்டும் ஒரே விலங்கினுடையவை என்று மனம் ஒப்புக்கொள்ளச் சில நொடிகள் ஆயின. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தி, சுறா வரும் திசையில் எங்களை இறக்கிவிட்டார்.

நீருக்குள் பார்வை தெளிவாக இல்லை. பளிங்குபோன்ற நீலக் கடலை எதிர்பார்த்து வருபவர்கள் இங்கே ஏமாறுவார்கள். மங்கலுக்குக் காரணமே சுறாவின் உணவுதான். நம் கடற்கரையில் கூனி என்று காயவைத்து விற்கிறோமே, அதற்கு உறவான மிகச் சிறிய இறாலினங்கள் இங்கே திரளாக மிதக்கின்றன. அந்தக் கலங்கலிலிருந்து அகன்ற வாய் ஒன்று முதலில் வெளிப்பட்டது. வாய்க்கு முன்னால், வழிகாட்டிகள்போல, மஞ்சள் நிறப் பாரைக் குஞ்சுகள். பிறகு தட்டையான தலை, அதன் ஓரத்தில் மிகச் சிறிய கண், செவுள் பிளவுகள், கரும்பழுப்பு முதுகில் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், கடைசியில் மெதுவாக ஆடும் வால். 6 அல்லது 7 மீட்டர் நீளம் இருக்கலாம். உலகின் மிகப் பெரிய மீனினமான இதில் முழு வளர்ச்சி பெற்றவை 18 மீட்டர் வரை பதிவாகியிருக்கின்றன. மாஃபியாவில் கூடுபவை பெரும்பாலும் இளம் ஆண்கள். அது எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. வாயைத் திறந்தபடி எங்களைக் கடந்து போய், ஒரு பெரிய வட்டமாகத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து மீண்டும் உண்ணத் தொடங்கியது.

அக்காவுக்கு நீச்சல் தெரியாது. பயணத்தைத் திட்டமிடும்போது எங்களுக்கு இருந்த பெரிய தயக்கமே அதுதான். “நீ இறங்கு, நான் படகுல இருந்தே பார்த்துக்கறேன்” என்று ஊரிலேயே சொல்லியிருந்தாள். வழிகாட்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை. உயிர்காப்பு உடை அணிவித்து, மிதவை வளையத்தைப் பற்றிக்கொள்ளச் செய்து, தானும் உடன் இறங்கினார். முகமூடியோடு நீருக்குள் முகத்தை வைத்துக் குழாய் வழியே மூச்சு விடுவதை முந்தைய நாள் மாலை ஆழமில்லாத கரையில் அவள் பழகியிருந்தது உதவியது. நீந்தத் தெரியாதவர்களை அழைத்து வருபவர்கள் அந்த ஒரு மாலையைக் கட்டாயம் ஒதுக்கி வையுங்கள். சுறா கடந்து போனதும் தலையை உயர்த்தி, “அது கண்ணு என்னைப் பார்த்துச்சுடா” என்றாள். பார்த்ததோ இல்லையோ, நான் மறுக்கவில்லை.

படகில் திரும்பிய பிறகு வழிகாட்டி தன் படங்களைக் காட்டினார். செவுள்களுக்குப் பின்னால், இடப்பக்கப் புள்ளிகளைத் தெளிவாகப் படம் எடுப்பதே அவருக்கு முக்கியம். ஒவ்வொரு சுறாவுக்கும் அந்தப் புள்ளிக் கோலம் தனித்தன்மை கொண்டது. அவற்றை ஒப்பிட்டு அடையாளம் காணும் கணினிமுறை, வானியலாளர்கள் விண்மீன் படங்களைப் பொருத்திப் பார்க்க உருவாக்கிய கணித முறையிலிருந்து தழுவப்பட்டது. இந்த அடையாளங்களோடு, சுறாக்களின் உடலில் ஒலி அனுப்பும் கருவிகளைப் பொருத்தி நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அதுவரை, பருவம் முடிந்ததும் சுறாக்கள் தொலைதூரம் வலசை போய்விடுவதாகவே பலரும் எண்ணியிருந்தனர். ஆனால் பல சுறாக்கள் ஆண்டு முழுவதும் மாஃபியாவின் சுற்றுப்புறத்திலேயே இருப்பதும், மற்ற மாதங்களில் கரையிலிருந்து சற்று விலகி ஆழத்தில் திரிவதால் கண்ணில் படாமல் போவதும் அந்த ஆய்வில் தெரியவந்தன. வலைகளும் படகுகளும் அவற்றுக்கு ஆண்டின் எல்லா நாளும் பக்கத்திலேயே இருக்கின்றன என்பது இதன் மறுபக்கம். 2016 முதல் திமிங்கலச் சுறா அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சுறா தெரிவது உறுதி என்று யாரும் வாக்களிக்க முடியாது. காற்று எழுந்தால் படகே புறப்படாது. சுறாவுக்கென்று ஒரே ஒரு காலையை மட்டும் வைத்துக்கொண்டு வருபவர்கள் பார்க்காமல் திரும்புவதற்கும் வாய்ப்பு இருக்கிறது. நாங்கள் மாற்று நாள் ஒன்றை வைத்திருந்தோம். அது தேவைப்படாமல் போனதால் ஜுவானிக்குக் கிடைத்தது.

நான்காம் நாள்: சோலே விரிகுடா

திதியைப் பார்த்துப் போட்ட கணக்கு இன்று பலித்தது. சோலே விரிகுடாவைத் திறந்த கடலோடு இணைக்கும் கினாசி வாயிலில் நீரோட்டம் பொல்லாதது. பௌர்ணமி நாட்களில் அனுபவமுள்ள முக்குளிப்பவர்களே நேரம் பார்த்துத்தான் இறங்குவார்கள். இன்று காலை ஏற்றத்தில் வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வந்துகொண்டிருந்தது, ஓட்டம் மெல்லியது. மூளைப் பவளம், மான்கொம்புப் பவளம், அனிமோன்களுக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன்கள், பாறைப் பிளவிலிருந்து எட்டிப் பார்த்த விலாங்கு என்று கண் நிறைந்தது. கடற்புல் திட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பச்சைக் கடலாமை மூச்செடுக்க ஒருமுறை மேலே வந்து போயிற்று. 1998-இன் கடல் வெப்ப உயர்வில் மாஃபியாவின் பாறைகளில் பெரும் பகுதி வெளுத்து இறந்தது. இப்போதும் சில இடங்களில் உடைந்த பவளச் சல்லிகளின் மேட்டையும் அதன்மீது புதிதாக முளைத்த கிளைகளையும் ஒருசேரக் காணலாம்.

பிற்பகலில் எதிரிலுள்ள சோலேத் தீவு. ஜெர்மானியர் காலக் கட்டடங்களின் சுவர்களை ஆலமரம்போன்ற மரங்களின் வேர்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. பெரிய மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகத் தொங்கிக்கொண்டு ஒன்றோடொன்று சண்டையிட்டுக்கொண்டிருந்தன. நம் ஊர்ப் பழந்தின்னி வௌவாலின் பேரினத்தைச் சேர்ந்தவை இவை. அந்தப் பேரினம் இந்தியப் பெருங்கடலின் தீவுகள் வழியாக மாஃபியா, பெம்பா வரை வந்துவிட்டது. ஆனால் கண்ணுக்கெட்டும் தொலைவிலுள்ள ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் அது இல்லை.

ஐந்தாம் நாள்: ஜுவானி

குவா என்ற பாழடைந்த நகரம் ஜுவானித் தீவில் இருக்கிறது. பவளக்கல்லால் கட்டிய மசூதிகளும் மாளிகையும் கல்லறைகளும் புதருக்குள் கிடக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடகாஸ்கரிலிருந்து படகுகளில் வந்த சக்கலாவாப் படையினர் இதைச் சூறையாடினார்கள். தீவின் கிழக்குக் கரைதான் ஆமைகள் முட்டையிடும் இடம். ஊர்க்காரர்களே காவலர்களாக இருந்து கூடுகளைக் குறித்து வைத்துப் பாதுகாக்கிறார்கள். இது பருவமன்று என்பதால் மணல் வெறுமையாக இருந்தது. ஆகஸ்டில் வாருங்கள் என்றார் காவலர். மதியம் மழை, மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

ஆறாம் நாள்: கல் நகரம்

மாஃபியாவிலிருந்து சிறு விமானத்தில் சான்சிபார். 2000-இல் உலக மரபுச் சின்னமான கல் நகரத்தின் சந்துகளைப் பற்றி ஏற்கனவே நிறைய எழுதியிருக்கிறார்கள். மாலையில் கடற்கரைப் பூங்காவில் உரோஜோ குடித்தோம். மாங்காய்ப் புளிப்பும் மஞ்சளும் கலந்த சாற்றில் வடையும் உருளைக்கிழங்கும் போட்டுத் தருகிறார்கள். சைவ உணவு உண்பவர்களுக்கு இந்தத் தீவில் குறை இராது.

ஏழாம் நாள்: சும்பே

கல் நகரத்துக்குத் தெற்கே, படகில் எளிதில் சென்றுவிடக்கூடிய சிறு தீவு சும்பே. அரசு அன்றி ஒரு தனியார் அமைப்பு உருவாக்கி நிர்வகிக்கும் உலகின் முதல் கடல்சார் காப்பகம் என்று இது அறியப்படுகிறது. 1994-இல் இதன் பவளப்பாறை சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. முன்பு மீனவர்களாக இருந்தவர்களைக் காவலர்களாகப் பயிற்றுவித்தார்கள். இங்கே ஆக்சிஜன் உருளையோடு முக்குளிக்க அனுமதி இல்லை. மேலே மிதந்தபடி பார்க்கலாம், அவ்வளவே. பாறை கரையை ஒட்டி ஆழமின்றி இருப்பதால் நீந்தத் தெரியாதவர்களுக்கும் அது போதும். மாஃபியாவில் பார்த்ததைவிடப் பவளங்கள் இங்கே நெருக்கமாகவும் உடையாமலும் இருந்தன. வலையும் நங்கூரமும் விழாமல் முப்பது ஆண்டுகள் விட்டுவைத்ததன் விளைவு வெறுங்கண்ணுக்கே தெரிகிறது.

தீவில் நன்னீர் கிடையாது. குடில்களின் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து. கழிப்பறைகள் உரமாக மக்கும் வகையைச் சேர்ந்தவை. இரவு தங்கினால் தேங்காய் நண்டைப் பார்க்கலாம். நிலத்தில் வாழும் கணுக்காலிகளில் மிகப் பெரியது அது. வாடகை எங்கள் கணக்கைத் தாண்டியதால் பகல் பயணிகளாகவே போனோம். இரவுத் தங்கலுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வருபவர்கள் வேறு எங்கேனும் ஓர் இரவைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

வெயிலுக்குப் பூசும் களிம்பைப் பற்றியும் இங்கே சொல்கிறேன். அவற்றிலுள்ள சில வேதிப்பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு செய்யக்கூடியவை. முழுக்கை நீச்சல் சட்டை அணிந்துகொண்டால் களிம்பின் தேவையே பெரும்பாலும் இல்லாமல் போகிறது. சட்டை இல்லாமல் முதுகு முழுவதும் வெள்ளையாகப் பூசிக்கொண்டு இறங்கிய ஒருவரைக் காவலர் மரியாதையாகக் கரைக்கு அழைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள்: பாஜே

பௌர்ணமிக்கு முந்தைய நாள். பாஜே, சான்சிபாரின் கிழக்குக் கரையிலுள்ள ஊர். காலை உணவை முடித்து வெளியே வந்தபோது கடலைக் காணவில்லை. பவளத்தடுப்பு வரை மணலும் கடற்புல்லும் தேங்கிய குட்டைகளுமாகப் பரந்து கிடந்தது. இதை அறியாமல் வரும் பயணிகள் நீந்தக் கடலே இல்லையென்று விடுதிக்காரரிடம் சண்டை பிடிப்பது இங்கே அன்றாட நிகழ்ச்சியாம். நீந்துவதற்கு வந்தவர்கள் இந்த நாட்களில் வற்றம் பெரிதாகத் தாக்காத வடமுனைக் கரைகளுக்குப் போக வேண்டும். நாங்கள் வந்ததோ கடற்பாசித் தோட்டங்களுக்காக.

பிலிப்பைன்ஸிலிருந்து கொண்டுவந்த விதைப்பாசியோடு 1989-இல் இந்தக் கரையில் தொடங்கிய சாகுபடி பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கிறது. சிறு கம்புகளை நட்டு, இடையே கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து வைக்கிறார்கள். ஆறு வாரங்களில் அறுவடை. நீர் வற்றும் சில மணி நேரமே வேலை நேரம் என்பதால் பௌர்ணமியும் அமாவாசையும்தான் அவர்களுடைய நாட்காட்டி. இதிலிருந்து எடுக்கும் காரஜீனன் பற்பசையையும் ஐஸ்கிரீமையும் கெட்டிப்படுத்தப் பயன்படுகிறது. விலை நன்றாகக் கிடைக்கும் கப்பாபைக்கஸ் வகை, நீர் சூடேறும் மாதங்களில் வெளுத்து அழுகிவிடுகிறது. தாங்கி வளரும் இன்னொரு வகைக்கோ விலை குறைவு. இதே கப்பாபைக்கஸைத்தான் மண்டபம், பாம்பன் பகுதிப் பெண்கள் மிதவைகளில் வளர்க்கிறார்கள். அக்கா ராமநாதபுரத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்பதால், ஒரு கயிற்றுக்கு எவ்வளவு, காயவைத்தால் எடை எவ்வளவு குறைகிறது, யார் விலை வைக்கிறார்கள் என்று வழிகாட்டியின் மொழிபெயர்ப்பில் அந்தப் பெண்களோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். விலை வைப்பது வாங்குபவர்தான் என்ற பதில் அவளுக்கு வியப்பளிக்கவில்லை.

பக்கத்து ஊரான ஜம்பியானியில் சில பெண்கள் இப்போது கடற்பஞ்சு வளர்க்கிறார்கள். அதற்கு நல்ல விலை இருக்கிறது. ஆனால் ஆழமான நீரில் நீந்திப் பராமரிக்க வேண்டும் என்பதால் நீச்சல் கற்பதிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். அக்கா இதைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள்: கிசிம்காசி

தீவின் தெற்கு முனையிலுள்ள கிசிம்காசிக்குப் போவதா வேண்டாமா என்று ஊரிலிருந்தே விவாதித்து வந்தோம். இங்குள்ள மெனாய் விரிகுடா 1997 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. குப்பிமூக்கு டால்பின்களும் கூன்முதுகு டால்பின்களும் ஆண்டு முழுவதும் இங்கே வாழ்கின்றன. 1990-களின் நடுப்பகுதி வரை அவற்றைக் கொன்று சுறாத் தூண்டிலுக்கு இரையாக்கினார்கள். சுற்றுலா வந்ததும் கொலை நின்றது. அந்த அளவில் சுற்றுலாவுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் படகுகள் துரத்தி, முன்னால் போய் மறித்து, ஆட்களை நீருக்குள் இறக்கும்போது டால்பின்கள் ஓய்வெடுக்கும் நேரம் குறைந்து, திசை மாறி அலையும் நேரம் கூடுகிறது என்று இங்கேயே நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாஃபியாவில் இருந்ததுபோன்ற ஒழுங்கு இங்கே ஏட்டில் மட்டுமே இருப்பதாகப் போய் வந்தவர்கள் பலர் சொன்னார்கள்.

ஆகவே நேற்று மாலையே கரைக்குப் போய், நீரில் இறங்க மாட்டோம், துரத்தவும் வேண்டாம், விடியலில் புறப்பட வேண்டும் என்று சொல்லிப் படகு தேடினோம். சிலர் சிரித்தார்கள், ஒரு நடுவயதுப் படகோட்டி ஒப்புக்கொண்டார். தொலைவான விடுதிகளிலிருந்து வேன்கள் வந்து சேரும் முன்பே கடலில் இருந்தோம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தபோது சிறு கூட்டமொன்று, குட்டியோடு, மெதுவாக மூச்செடுத்து மூழ்கியபடி எங்களைக் கடந்தது. அரை மணி நேரம் கழிவதற்குள் மற்ற படகுகள் வந்துவிட்டன. ஒன்று பாய்ந்து முன்னால் போக, மற்றவை தொடர, டால்பின்கள் பிரிந்து மறைந்தன. எங்கள் படகோட்டி தாமாகவே கரைக்குத் திருப்பினார்.

வழியில் அவரிடம், எல்லாரும் ஏன் இப்படித் துரத்துகிறார்கள் என்று அக்கா கேட்டாள். படகு வாடகையில் பெரும் பங்கு உரிமையாளருக்கும் தரகருக்கும் போய்விடுகிறது. ஓட்டுபவருக்கு மிஞ்சுவது டிப்ஸ்தான் என்றார். டால்பினுக்குப் பக்கத்தில் குதித்தவர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், மாமா, என்று விளக்கினார். அக்கா உரக்கச் சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்தாள்.

கரையேறியபின், 1107-ஆம் ஆண்டைக் குறிக்கும் கூஃபிக் என்ற பழைய அரபு எழுத்துப் பொறிப்புள்ள பழைய மசூதியைப் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பினோம். நாளை காலை விமானம்.